ஆயர்களுக்காக எழுந்த ஊர்க்குரல்

இங்கிலாந்து நாட்டின் உள்நாட்டுப் போரைப் பற்றிக் கூறும் பாடநூல்களில் இரண்டே அணிகள் காட்சி தருகின்றன. ஒருபுறம் முதலாம் சார்ல்ஸ் மன்னரும் அவர்தம் ஆயர்களும். மறுபுறம் பாராளுமன்றமும் சமயத் தூய்மை வேண்டிய பியூரிட்டன்களும். மன்னர் கொடுமை செய்தார், மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ஆயர்களின் ஆட்சி வீழ்ந்தது என்று வரலாறு மூன்று வரிகளில் முடிந்து விடுகிறது. ஆனால், அந்த மூன்று வரிகளுக்கு இடையே மறைந்து போன மக்கள் பலர். 1641, 1642 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களிலிருந்து, “ஆயர்களை ஒழித்து விடாதீர்கள்; எங்கள் வழிபாட்டு நூலைப் பறித்து விடாதீர்கள்” என்று வேண்டிப் பல்லாயிரவர் கையொப்பமிட்ட மனுக்கள் இலண்டனை நோக்கிச் சென்றன. இருபதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இவ்வாறு குரல் எழுப்பின. அக்குரலைக் கேட்டவர் சிலர், எள்ளியவர் சிலர், ஒரு மனுவைத் தீயிலிடவும் கட்டளை பிறந்தது.

அம்மனுக்கள் எவ்வாறு பிறந்தன, எதனை வேண்டின, அவற்றின் கதி என்னவாயிற்று என்பதை அறிவது, மக்கள் குரல் எனப்படுவது யாது என்னும் கேள்விக்கும் ஒளி தருவதாகும்.

ஆயர் ஆட்சியின் அமைப்பு

பதினாறாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் தலைமையை உதறிய இங்கிலாந்துத் திருச்சபை, பழைய நிருவாக அமைப்பை உதறவில்லை. நாடு 26 மறைமாவட்டங்களாகப் பிரிந்திருந்தது. கான்டர்பரியிலும் யார்க்கிலும் இருந்த தலைமை ஆயர்கள் இருவர்க்கும் கீழ் ஏனைய ஆயர்கள் பணி புரிந்தனர். அவர்களுக்குக் கீழே 9,000க்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தன. பங்கு என்பது ஓர் ஆலயத்தையும் அதனைச் சார்ந்த ஊரையும் குறிக்கும். குழந்தைக்குத் திருமுழுக்கும், மணமக்களுக்குத் திருமணமும், இறந்தோர்க்கு நல்லடக்கமும் அந்தப் பங்கு ஆலயத்திலேயே நடந்தன. இவை அனைத்தும் 1559ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தில் நிலைபெற்ற பொது வழிபாட்டு நூலின்படி, மக்களுக்கு விளங்கும் ஆங்கில மொழியில் நடைபெற்றன.

ஆயர்கள் சமயத் தலைவர்களாக மட்டும் இருந்திலர். பிரபுக்கள் சபையில் அவர்களுக்கு இடம் உண்டு. திருச்சபை நீதிமன்றங்கள் அவர்கள் பெயரால் நடந்தன. குருமாரை நியமிப்பதும், ஒழுக்கம் தவறியோரைத் தண்டிப்பதும் அவர்கள் கையில் இருந்தன. ஆயர் இல்லையேல் அரசரும் இல்லை என்பது 1604ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மன்னர் வெளியிட்ட கருத்து. அரசும் ஆயர் பதவியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரு தூண்கள் என அவர் எண்ணினார்.

1633ஆம் ஆண்டில் வில்லியம் லாட் கான்டர்பரித் தலைமை ஆயர் ஆனார். அவர் கற்றவர், கடும் உழைப்பாளி; ஆனால், பிறர் மனம் அறிந்து நடக்கும் பண்பு அவரிடம் குறைவு. ஆலயத்தின் நடுவே மக்கள் அருகில் இருந்த திருவிருந்து மேசையைக் கிழக்குச் சுவரோரம் நகர்த்தி, அதனைச் சுற்றித் தடுப்புக் கம்பி இடச் செய்தார். பியூரிட்டன் போதகர்களின் வாயை அடைத்தார். பழைய ரோமை முறை பின்வாசல் வழியே திரும்புகிறதோ என மக்கள் ஐயுற்றனர். 1637ஆம் ஆண்டில் ஆயர்களைத் தாக்கி எழுதிய பிரின், பர்ட்டன், பாஸ்ட்விக் ஆகிய மூவரின் செவிகள் அறுக்கப்பட்டன. அந்தக் குருதி ஆயர்களின் பெயரில் படிந்த கறையாயிற்று.

வேரும் கிளையும்

அதே 1637ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து மக்கள் மீது புதிய வழிபாட்டு நூல் ஒன்று திணிக்கப்பட்டது. ஸ்காத்லாந்தியர் கொதித்தெழுந்தனர். 1638இல் கிளாஸ்கோ நகரில் கூடிய அவர்களின் திருச்சபைப் பேரவை ஆயர் பதவியையே ஒழித்தது. அவர்களை அடக்கச் சென்ற மன்னர் இரு முறை தோற்றார்; கருவூலம் வறண்டது. பதினோராண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாது ஆண்டவர், 1640இல் அதனைக் கூட்டும் நிலைக்கு ஆளானார். ஏப்ரலில் கூடியது மூன்றே வாரங்களில் கலைக்கப்பட்டது. நவம்பர் 3ஆம் நாள் கூடியதே நெடும் பாராளுமன்றம் எனப் பெயர் பெற்றது.

1640 டிசம்பர் 11ஆம் நாள் இலண்டன் நகரத்தார் ஏறத்தாழ 15,000 கையொப்பங்களோடு ஒரு மனுவைக் காமன்ஸ் சபையின் முன் வைத்தனர். ஆயர் ஆட்சியை அதன் வேர்களோடும் கிளைகளோடும் களைந்தெறிய வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். அதனால் அது ‘வேரும் கிளையும்’ மனு எனவே வழங்கலாயிற்று. அடுத்த மாதமே கெண்ட் முதலிய வேறு மாவட்டங்களிலிருந்தும் அதே போன்ற மனுக்கள் வந்தன. லாட் மீது குற்றச்சாட்டுக் கொணரப்பட்டது. 1641 மார்ச்சில் அவர் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

இத்தகைய வேளையில் ஆயர்களுக்காகப் பரிந்து பேசுவது எளிய செயலன்று. பேசுவோர், லாட் செய்த கொடுமைகள் அனைத்திற்கும் உடன்பட்டோர் எனக் கருதப்படும் அபாயம் இருந்தது. எனினும் ஊர்ப்புறத்தில் வேறோர் அச்சம் மெல்லத் தலைதூக்கியது. தலைமை ஆயர் ஒருவர் தவறிழைத்தார் என்பதற்காக, பதினாறு நூற்றாண்டுகளாக இருந்து வந்த அமைப்பையே வேரோடு சாய்ப்பதா? சாய்த்த பின் அவ்விடத்தில் எது முளைக்கும்? இவ்வினாக்களை முதன்முதலில் உரத்த குரலில் எழுப்பிய மாவட்டம் செஷயர்.

செஷயர் மாவட்டத்தின் விண்ணப்பம்

இங்கிலாந்தின் வடமேற்கில், வேல்ஸ் நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்தது செஷயர். அங்கே வாழ்ந்த நிலப்பிரபு சர் தாமஸ் ஆஸ்டன். 1640 ஏப்ரலில் கூடிய பாராளுமன்றத்தில் அம்மாவட்டத்தின் உறுப்பினராக இருந்த அவர், நெடும் பாராளுமன்றத்தில் இடம் பெறவில்லை. ஆயினும் அவர் வாளாவிருக்கவில்லை. ஆயர்களுக்கு எதிரான மனு ஒன்று தம் மாவட்டத்தில் கையொப்பத்திற்காகச் சுற்றி வருவதைக் கண்ட அவர், மாற்று மனு ஒன்றைத் திரட்டினார். 1641 பிப்ரவரி 27ஆம் நாள் அது பிரபுக்கள் சபையில் அளிக்கப்பட்டது.

அம்மனு அச்சில் வெளிவந்தபோது, கையொப்பமிட்டோரின் கணக்கும் உடன் வெளிவந்தது. பிரபுக்கள் 4 பேர். நைட் முதலிய பட்டம் பெற்றோரும் உயர்குடியினரும் 80க்கு மேற்பட்டோர். குருமார் 70 பேர். கனவான்கள் 300க்கு மேற்பட்டோர். சொந்த நிலம் உடைய குடியானவரும் பிற குடிமக்களும் 6,000க்கு மேற்பட்டோர். அக்கால ஊர்ப்புற வாழ்வில் இத்துணைப் பேரின் பெயரைத் திரட்டுவது பெருமுயற்சி. ஆயர்களை ஒழிக்க எண்ணுவோரே பொதுமக்கள், காக்க எண்ணுவோர் அரண்மனையைச் சார்ந்த சிலரே என்னும் கருத்தை அந்த எண்ணிக்கை அசைத்தது.

ஆஸ்டன் அத்தோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் மூப்பர் ஆட்சி முறையை எதிர்த்து நெடிய நூல் ஒன்றையும் வெளியிட்டார். 1641 டிசம்பரில் செஷயரிலிருந்து இரண்டாவது மனு ஒன்று சென்றது. பொது வழிபாட்டு நூலைக் காத்தருள வேண்டும் என்பது அதன் சாரம். அதிலும் ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்டிருந்தனர்.

மனுக்களின் வாதம்

செஷயர் மனுவையும் அதனைப் பின்பற்றிய பிற மனுக்களையும் ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று தெளிவாகும். அவை லாட் என்னும் தனி மனிதருக்காக வாதாடவில்லை. அண்மைக் காலத்தில் முறைகேடுகள் நிகழ்ந்தன என்பதை அவை ஒப்புக்கொண்டன. தவறு செய்தவர் தண்டிக்கப்படட்டும், புகுத்தப்பட்ட புதுமைகள் நீக்கப்படட்டும் என்றன. பதவியில் இருந்தவரின் குற்றம் வேறு, பதவி வேறு என்பதே அவற்றின் அடிப்படை. நோயுற்ற கிளையை வெட்டுக. மரத்தைச் சாய்க்காதீர் என்னும் நிலை அது.

வாதங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, பழைமை. ஆயர் பதவி திருத்தூதர் காலத்திலேயே தோன்றியது என மனுதாரர் நம்பினர். தொடக்கக் காலத் துன்புறுத்தலில் உயிர் நீத்தவர்களுள் ஆயர் பலர் இருந்தனர் என்பதை நினைவூட்டினர். அதைவிடக் கூர்மையான செய்தி ஒன்றையும் கூறினர். இங்கிலாந்தில் ரோமை முறையை எதிர்த்துச் சமயச் சீர்திருத்தம் கொணர்ந்தவர்களே ஆயர்கள்தாம். மேரி அரசியார் காலத்தில், 1555இல் லாட்டிமரும் ரிட்லியும், 1556இல் கிரான்மரும் ஆக்ஸ்போர்டு நகரில் உயிருடன் எரிக்கப்பட்டனர். கிரான்மரே பொது வழிபாட்டு நூலை உருவாக்கிய தலைமை ஆயர். சீர்திருத்தத்திற்காக நெருப்பில் நின்றவர்களின் பதவியை, அதே சீர்திருத்தத்தின் பெயரால் ஒழிப்பது எங்ஙனம் பொருந்தும் என்பது அவர்களின் வினா.

இரண்டாவது, ஆட்சி பற்றியது. ஆயர்கள் 26 பேர். அவர்களின் அதிகாரத்திற்குச் சட்டத்தின் வரம்பு உண்டு. தவறினால் பாராளுமன்றம் தட்டிக் கேட்கலாம். அவர்களை நீக்கிவிட்டு, ஸ்காத்லாந்தில் உள்ளது போலப் பங்குதோறும் குருவும் மூப்பரும் கூடி ஆளும் முறையைக் கொணர்ந்தால், நாடெங்கும் ஏறத்தாழ 40,000 சமய ஆட்சியாளர்கள் தோன்றுவர் என்று செஷயர் மனு கணக்கிட்டது. தொலைவில் இருக்கும் ஓர் ஆயரின் கண்டிப்பைத் தாங்கலாம். அண்டை வீட்டில் அமர்ந்து நாள்தோறும் கண்காணிக்கும் மூப்பரின் கண்டிப்பை எங்ஙனம் தாங்குவது? ஊரில் வாழ்ந்து பழகியோர்க்கே இவ்வச்சத்தின் உண்மை நன்கு புலப்படும்.

மூன்றாவது, வழிபாடு. பியூரிட்டன் போதகர் சிலர் வழிபாட்டு நூலைப் புறக்கணித்துத் தம் மனம் போனபடி வேண்டுதல் செய்தனர். குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட மறுத்தனர். அடக்கச் சடங்கில் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாது விட்டனர். இத்தகைய குருமார் மீது பங்கு மக்களே திருச்சபை நீதிமன்றங்களில் முறையிட்ட வழக்குகள், உள்நாட்டுப் போருக்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆண்டாண்டாகக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்ட நூல் அது. தந்தையை அடக்கம் செய்தபோது ஒலித்த அதே சொற்கள் தமக்கும் ஒலிக்க வேண்டும் என விரும்புவது மனித இயல்பு. ஆகவே, மனுவில் ஒப்பமிட்ட உழவர் பலருக்கு ஆயர் என்பவர் ஆண்டுக்கொரு முறைகூடக் காணாத பெரியவர். வழிபாட்டு நூலோ அவர்தம் வாழ்வின் பகுதி. ஆயர் வீழ்ந்தால் நூலும் வீழும் என அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பின்னர் உண்மையாயிற்று.

கையொப்பங்களின் கதை

செஷயரைத் தொடர்ந்து பிற மாவட்டங்களும் எழுந்தன. சாமர்செட், நாட்டிங்காம்சயர், ஹண்டிங்டன்சயர், ஹெரபோர்டுசயர், கார்ன்வால், வட வேல்ஸ் நாட்டின் ஆறு மாவட்டங்கள் எனப் பட்டியல் நீண்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களும் விண்ணப்பம் விடுத்தன. 1642இல் ஆஸ்டன் இவற்றுள் பலவற்றைத் தொகுத்து ஒரே நூலாக வெளியிட்டார்.

கையொப்பம் திரட்டிய முறை அறியத் தக்கது. மாவட்ட நீதிபதிகள் கூடும் காலாண்டு நீதிமன்றங்களிலும், இலண்டனிலிருந்து நடுவர் வரும் சுற்று நீதிமன்றங்களிலும் கனவான்கள் கூடி மனுவை வரைவர். அதன் படிகள் பங்குகளுக்குச் செல்லும். அங்கே குருவோ ஆலயப் பொறுப்பாளரோ மனுவைப் படித்துக் காட்டுவர். எழுதத் தெரிந்தவர் பெயர் எழுதுவர். தெரியாதவர் தம் அடையாளக் குறியை இடுவர். சிலருக்காகப் பிறர் எழுதுவதும் உண்டு. பின்னர்த் தாள்கள் அனைத்தும் ஒன்று சேர்க்கப்பட்டு இலண்டனுக்குச் செல்லும்.

இம்முறையில் குறையே இல்லை எனச் சொல்லுதற்கில்லை. நிலப்பிரபு நீட்டிய தாளில் ஒப்பமிட மறுக்கும் துணிவு குத்தகைக் குடியானவருக்கு எளிதில் வாராது. குரு நீட்டினால் மறுப்பதும் கடினமே. எதிரணியினர் இக்குறையைச் சுட்டிக் காட்டினர். செஷயரிலேயே மூத்த கனவான் சிலர், அனைவரையும் கலந்துகொள்ளாமல் மாவட்டத்தின் பெயரால் பேச ஆஸ்டனுக்கு உரிமை யாது என வினவினர். அதனினும் விந்தையான நிகழ்ச்சி ஒன்றும் நடந்தது. ஆஸ்டனுக்கு எதிராகச் செஷயர் மக்கள் அனுப்பியதாகக் கூறி இலண்டனில் ஒரு மனு அச்சிடப்பட்டது. அதில் காணப்பட்ட எண்கள் ஆஸ்டன் மனுவின் எண்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பிரபுக்கள் 8 பேர், குருமார் 140 பேர், குடிமக்கள் 12,000க்கு மேல் என்று கணக்கு ஓடியது. மாவட்டத்தில் எங்கும் திரட்டப்படாத மனு அது. அச்சகத்தில் பிறந்த மனு.

ஆனால், இக்குறைகள் இரு தரப்பிற்கும் பொதுவானவை. ஆயர்களை எதிர்த்த மனுக்களும் இதே முறையில்தான் திரட்டப்பட்டன. ஒரு தரப்பின் கையொப்பம் மக்கள் எழுச்சி என்றும், மறு தரப்பின் கையொப்பம் நிலப்பிரபுவின் மிரட்டல் என்றும் கொள்வது நடுநிலை ஆகாது. பிற்கால ஆய்வாளருள் ஜூடித் மால்ட்பி என்னும் வரலாற்றாசிரியை 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் செஷயர் மனுக்களின் பெயர்களை எடுத்து, பங்குப் பதிவேடுகளோடும் வரிப் பட்டியல்களோடும் ஒப்பிட்டு நோக்கினார். ஒப்பமிட்டவர்கள் கனவான்கள் மட்டும் அல்லர். செல்வர் முதல் எளியோர் வரை ஊரின் எல்லா நிலையினரும் அதில் இருந்தனர் என்பது அவ்வாய்வில் புலனாயிற்று. ஆலயப் பொறுப்பாளராகவும் ஊர் அலுவலராகவும் பணி புரிந்தோர் பலர் அப்பெயர்களுள் காணப்பட்டனர். அரசரின் கையாட்கள் என ஒதுக்கப்பட்டோர் ஊரைத் தம் தோளில் சுமந்த சாதாரண மக்கள் என்பது இங்ஙனம் தெளிவாயிற்று.

கெண்ட் மாவட்டத்தில் எரிந்த மனு

மனுக்களின் வரலாற்றில் உருக்கமான பகுதி கெண்ட் மாவட்டத்தைச் சார்ந்தது. அதன் நடுவே நிற்பவர் சர் எட்வர்டு டெரிங். 1641 ஜனவரியில் ஆயர்களுக்கு எதிரான கெண்ட் மனுவைக் காமன்ஸ் சபையில் அளித்தவர் இவரே. 1641 மே 27ஆம் நாள், ஆயர் ஆட்சியை அடியோடு ஒழிக்கும் மசோதாவை முன்மொழிந்தவரும் இவரே. அம்மசோதாவின் பின்னணியில் வேன், கிராம்வெல் ஆகியோர் இருந்தனர்.

ஆனால், விவாதம் நீள நீள டெரிங்கின் உள்ளம் மாறியது. சீர்திருத்தப்பட்ட ஆயர் முறையே தகும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1641 நவம்பரில் மன்னர் மீது குறை கூறும் மாபெரும் முறையீடு 159க்கு 148 என்னும் வாக்குகளால் நிறைவேறிய போது, அவர் அதனை எதிர்த்தார். மன்னரிடம் முறையிடுவதை விட்டுப் பொதுமக்களை நோக்கிப் பேசும் முறை அவருக்கு ஒவ்வவில்லை. 1642 தொடக்கத்தில் தம் சபைப் பேச்சுகளை அவர் நூலாக வெளியிட்டார். சபை சினந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் அவர் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்பட்டுக் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் நூலைக் கொலையாளியின் கையால் கொளுத்துமாறு ஆணையிடப்பட்டது.

விடுதலை பெற்ற டெரிங் சொந்த மாவட்டத்திற்குத் திரும்பினார். 1642 மார்ச் 25ஆம் நாள் மெய்ட்ஸ்டன் நகரில் சுற்று நீதிமன்றம் கூடியபோது, அவரும் சர் ரோஜர் டுவிஸ்டன் முதலிய கனவான்களும் சேர்ந்து மனு ஒன்றை வரைந்தனர். ஆயர் ஆட்சி காக்கப்பட வேண்டும். வழிபாட்டு நூல் பேணப்பட வேண்டும். மன்னரும் பாராளுமன்றமும் இணக்கமாக வேண்டும் என்பன அதன் கோரிக்கைகளுள் அடங்கும். இம்மனு பாராளுமன்றத்திற்கு ஆற்றொணாச் சினம் மூட்டியது. வரைந்தவர் மீது நடவடிக்கை பாய்ந்தது. நீதிமன்ற நடுவர் மாலெட் கோபுரச் சிறைக்குச் சென்றார். மனுவைக் கொலையாளியின் கையால் எரிக்க உத்தரவு பிறந்தது.

எரிக்கப்பட்ட மனுவைக் கெண்ட் மக்கள் கைவிடவில்லை. ஏப்ரல் இறுதியில் அவர்கள் பிளாக்ஹீத் வெளியில் திரண்டனர். ரிச்சர்டு லவ்லேஸ் என்னும் இளங்கவிஞர் அம்மனுவை ஏந்திச் சென்று ஏப்ரல் 30ஆம் நாள் சபையின் முன் வைத்தார். அவருக்குக் கிடைத்த விடை சிறை. வெஸ்ட்மின்ஸ்டரின் வாயிற்கோட்டச் சிறையில் அவர் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்து காதலிக்குப் பாடியதாக அமைந்த அவருடைய புகழ்மிக்க கவிதை அங்கேயே பிறந்தது என்பது மரபு வழிச் செய்தி.

ஈண்டு ஆழ்ந்து நோக்கத் தக்கது ஒன்றுண்டு. மன்னரின் காதுகள் மக்கள் குரலுக்கு மூடிக் கிடந்தன என்பதே பாராளுமன்றத்தின் பெருங்குறை. 15,000 பேர் ஒப்பமிட்ட இலண்டன் மனுவை அது வரவேற்றது. 1642 ஜனவரியில் பக்கிங்காம்சயர் மக்கள் ஆயிரக்கணக்கில் குதிரையேறி மனுவோடு வந்தபோது மகிழ்ந்தது. ஆனால், தனக்கு ஒவ்வாத குரல் கெண்டிலிருந்து ஒலித்தபோது அதனைத் தீயிலிட்டது. மக்களின் பேராளர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர், மக்களில் ஒரு பகுதியினர் பேசுவதைக் குற்றமாக்கினர். சார்ல்ஸ் மன்னர் செய்த தவறுக்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது.

வீழ்ச்சியும் மீட்சியும்

காலம் மனுக்களை விட வேகமாக ஓடியது. 1641 டிசம்பரில் இலண்டன் தெருக்களில் திரண்ட கூட்டம், ஆயர்கள் பிரபுக்கள் சபைக்குள் நுழைவதைத் தடுத்தது. தாம் இல்லாதபோது நடந்தவை செல்லா என எதிர்ப்புத் தெரிவித்த 12 ஆயர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1642 பிப்ரவரியில் ஆயர்களைப் பிரபுக்கள் சபையிலிருந்து விலக்கும் சட்டத்திற்கு மன்னர் இசைவளித்தார். ஆகஸ்ட் 22ஆம் நாள் நாட்டிங்காமில் போர்க்கொடி ஏற்றினார். அதன் பின் மனுவுக்கு இடமில்லை; வாளே பேசியது.

1645 ஜனவரியில் வழிபாட்டு நூல் விலக்கப்பட்டது; அதே மாதம் 10ஆம் நாள் லாட்டின் தலை துண்டிக்கப்பட்டது. வழிபாட்டு நூலைத் தனி வீட்டில் பயன்படுத்தினாலும் முதல் முறை 5 பவுன், இரண்டாம் முறை 10 பவுன், மூன்றாம் முறை ஓராண்டுச் சிறை எனத் தண்டம் விதிக்கப்பட்டது. 1646 அக்டோபரில் ஆயர் பதவி சட்டப்படி ஒழிந்தது. அதே ஆண்டில் ஆஸ்டன், மன்னருக்காகப் போரிட்டுச் சிறைப்பட்ட நிலையில் இறந்தார். டெரிங் 1644இலேயே மறைந்து விட்டார். 1649 ஜனவரி 30ஆம் நாள் மன்னரும் வெட்டுமேடையில் மாண்டார்.

ஊர்மக்களின் பற்று மட்டும் மாளவில்லை. தடையை மீறிப் பழைய நூலின்படி வழிபாடு நடந்து கொண்டே இருந்தது. 1657ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று இலண்டனில் இத்தகைய வழிபாட்டில் கலந்துகொண்டபோது படைவீரர் வந்து சூழ்ந்துகொண்டதை ஜான் எவலின் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். 1660இல் மன்னராட்சி மீண்டபோது ஆயர்களும் மீண்டனர். படையால் நாட்டை ஆண்டோர் முயன்றும் பறிக்க இயலாத ஒன்றை, 1641இன் மனுக்கள் முன்னரே அடையாளம் காட்டியிருந்தன.

ஆனால், வென்றவர் தம் துன்பத்திலிருந்து பாடம் கற்றிலர். 1662ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டத்தை ஏற்க மறுத்தோரும் அதற்கு முன்பே இடமிழந்தோருமாக ஏறத்தாழ 2,000 குருமார் தம் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1661ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒன்று, அரசையோ திருச்சபையையோ மாற்றக் கோரும் மனுவில் 20 பேருக்கு மேல் ஒப்பமிட வேண்டுமாயின் நீதிபதிகள் மூவரின் இசைவு முதலியன தேவை எனக் கட்டுப்பாடு விதித்தது. மனுக்களால் தம்மைக் காத்துக்கொள்ள முயன்ற தரப்பே மனுவின் வாயைக் கட்டியது.

காலச் சக்கரம் மீண்டும் சுழன்றது. 1688ஆம் ஆண்டில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் தம் ஆணையை ஆலயங்களில் படிக்கச் சொன்னபோது, தலைமை ஆயர் சான்கிராப்டும் ஆயர் அறுவரும் இசைய மறுத்து மனு அளித்தனர். அம்மனு அரசத் துரோகமான அவதூறு எனக் குற்றம் சாட்டப்பட்டது. ஜூன் 30ஆம் நாள் நடுவர் குழு அவர்களைக் குற்றமற்றவர் என விடுவித்தது. இலண்டன் நகரமே மகிழ்ச்சிக் கூத்தாடியது. முன்பு ஆயர்களை விரட்டிய அதே தெருக்கள் அன்று ஆயர்களை வாழ்த்தின. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், மன்னருக்கு மனு அளிப்பது குடிமக்களின் உரிமை, அதற்காக எவரையும் சிறையிலிடல் ஆகாது என்று உறுதி செய்தது.

தென்னகம் தந்த விடை

ஆயர் வேண்டுமா, மூப்பர் வேண்டுமா என்னும் அந்தப் பழைய வழக்கு இங்கிலாந்தில் முற்றாகத் தீரவில்லை. மிஷனரிமார் கப்பலேறியபோது அப்பிளவும் அவர்களோடு கப்பலேறியது. தமிழ்நாட்டில் ஓர் ஊரில் ஆங்கிலிக்கன் ஆலயமும், மற்றோர் ஊரில் மூப்பர் ஆளும் ஆலயமுமாகச் சபைகள் பிரிந்து நின்றன. 1641இல் செஷயர் உழவர் கண்ட சண்டை தமிழ்க் கிறிஸ்தவர்க்கும் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது.

1919ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சபைத் தலைவர்கள் கூடினர். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயராக உயர்ந்த அசரியா அவர்களுள் முதன்மையானவர். தாங்கள் உண்டாக்காத பிரிவினைகளைத் தாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்னும் உணர்வு அக்கூட்டத்தில் மேலோங்கி நின்றது. இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. அசரியா 1945இல் மறைந்தார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் பட்டணத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் அதில் ஒன்றாயினர். ஆயர் பதவி ஏற்கப்பட்டது; ஆனால், சபையாரின் பங்கோடு தேர்வு பெற்று, சட்ட வரம்புக்குள் ஆளும் பதவியாக அது வகுக்கப்பட்டது. ஆயர்களை ஒழித்த ஸ்காத்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக வந்த லெஸ்லி நியூபிகின், அன்று மதுரை இராமநாதபுரம் பகுதிக்கு ஆயரானார்.

அதிகாரத்திற்கு வரம்பு கட்டுக, ஆனால் அமைப்பை அழிக்காதீர் என 1641இல் ஊர்ப்புற மக்கள் வேண்டியதற்கும், 1947இல் சென்னையில் எட்டிய முடிவுக்கும் இடையே நெருங்கிய ஒற்றுமை உண்டு. அன்று அந்த நடுவழியை ஏற்க இரு தரப்பிலும் ஆளில்லை. விளைவு, ஏழெட்டு ஆண்டுப் போர். பின்னர் அதே நடுவழியைப் பொறுமையாகப் பேசித் தேடியோர் ஒரு துளிக் குருதியும் சிந்தாது கண்டனர்.

செஷயரில் தம் பெயருக்குப் பதிலாகக் கோணல்மாணலான ஒரு குறியை இட்டுச் சென்ற உழவரை வரலாறு பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவர் நினைத்தது சரியா தவறா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். அவரும் மக்களுள் ஒருவர் என்பதிலோ, அவர் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்பதிலோ கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. தமக்கு உவப்பான மனுவை மக்கள் குரல் என்றும், உவப்பற்ற மனுவைச் சதி என்றும் கொள்ளும் சபை எதுவாயினும், அது கெண்ட் மனுவை எரித்த தீயைத் தன் கையில் ஏந்தியிருக்கிறது எனலாம்.